கல்விப் பெட்டி என்று சொல்லிக் கடனை விற்றுவிட்டுப் போனார்கள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கங்களில் பள்ளிப் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர், "இலவசத் திறன் தேர்வு" என்று வீடு தேடி வருபவர்களை உள்ளே அழைக்கும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்றே எழுதுகிறேன்.

சென்ற ஜூன் மாதம் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டிற்கு வந்த விற்பனையாளர், மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் பத்துக் கணக்குகளைக் கொடுத்தார். இருபது நிமிடம் கழித்து, அவளை எதிரில் வைத்துக்கொண்டே, "பாப்பா ரெண்டு வருஷம் பின்தங்கியிருக்கா சார், இப்பவே கவனிக்கலன்னா கஷ்டம்" என்றார். அவள் முகம் வாடியதைக் கண்ட பிறகு எனக்கு எதையும் நிதானமாக விசாரிக்கத் தோன்றவில்லை. அந்தக் கணக்குகளில் பாதி நான்காம் வகுப்புப் பாடம் என்று அவளுடைய வகுப்பாசிரியை பிற்பாடு சொல்லித்தான் தெரிந்தது.

ஒரு டேப்லெட், தொட்டால் படித்துக்காட்டும் பேசும் பேனா, படஅட்டைகள், மணிச்சட்டம், இரண்டு ஆண்டுப் பாட மென்பொருள் எல்லாம் சேர்த்து 36,000 ரூபாய் என்றும், மாதம் 1,500 கட்டினால் போதும் என்றும், பிடிக்காவிட்டால் 15 நாளில் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். ஆதார், பான் அட்டைகளைப் படம் எடுத்தார். என் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயரும் கடன் என்ற சொல்லும் தெளிவாக இருந்தன. "பதிவுக்கான ஓடிபி சார்" என்று அவர் சொன்னதை நம்பி, ஆறு இலக்கங்களை மட்டும் படித்துக் கொடுத்தேன். புறப்படும் முன் மென்பொருளையும் அவரே இயக்கி வைத்தார். இயக்கிவிட்டால் திருப்ப முடியாது என்பது ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

டேப்லெட்டில் நம் மாநிலப் பாடத்திட்டமே இல்லை. பேனா "பழம்" என்பதைப் "பலம்" என்றே படித்தது. அதைவிட என்னைப் பதற வைத்தது, அதன் பேட்டரி மூடிக்குத் திருகாணியே இல்லாததுதான். கீழே விழுந்த பொத்தான் பேட்டரியை என் இரண்டு வயது மகன் கையில் எடுத்துவிட்டான். விழுங்கியிருந்தால் இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடிய பொருள் அது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், இந்தப் பெட்டியிலோ உரிம எண் இல்லாத வெறும் முத்திரைப் படம்தான் அச்சிடப்பட்டிருந்தது. முத்திரையுடன் இருக்க வேண்டிய அந்த எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் யாரும் சரிபார்க்கலாம். நான் வாங்கிய பிறகே பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் அழைத்தபோது விற்பனையாளரின் எண் அணைந்திருந்தது. பெட்டியை விற்ற நிறுவனம், நிதி நிறுவனத்தைக் கேளுங்கள் என்கிறது. நிதி நிறுவனமோ, விற்றவர்களைக் கேளுங்கள் என்கிறது. தவணை மட்டும் மாதாமாதம் 5ஆம் தேதி தவறாமல் கழிகிறது. இத்தகைய கல்வி நிறுவனங்களின் தவணைக் கடனையும் தானாகப் பணம் கழியும் ஏற்பாட்டையும் குறித்து மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே பெற்றோரை எச்சரித்திருக்கிறது.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதில் தீராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்கு மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். இதே முறையில் ஏமாந்தவர்கள் இருந்தால், அந்த ஓடிபி குறுஞ்செய்தியையும் ரசீதின் இரண்டு பக்கங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். என் மனுவுக்கு இப்போது கைகொடுப்பவை அவைதான்.