சோமனூர் தறிக்குடோனில் ஓதக் கடிகாரம்

கடல் தண்ணீர் ஏறி இறங்கும் நேரத்தைக் காட்டும் கடிகாரம் இது. கடலே இல்லாத ஊரில் இது எதற்கு என்று குடோனில் கேட்காத ஆள் இல்லை. மகனுக்குத் தூத்துக்குடியில் வேலை. அங்கே போய்வந்ததிலிருந்து பிடித்த கிறுக்கு. இணையத்தில் 1,350 ரூபாய். பேட்டரி நாம்தான் வாங்கிப் போட வேண்டும்.

ஒரே ஒரு முள். மேலே வந்தால் ஏற்றம், கீழே வந்தால் வற்றம். ஒரு சுற்றுக்கு 12 மணி 25 நிமிடம். பூமி ஒரு முறை சுழன்று வருவதற்குள் நிலா சற்று நகர்ந்துவிடுகிறது. அதை எட்டிப்பிடிக்க நாளுக்கு 50 நிமிடம் கூடுதலாகிறது; இரண்டு சுற்றுக்குப் பங்கிட்டால் சுற்றுக்கு 25. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன்; எல்லாம் பல்சக்கரக் கணக்குதான். தறியில் பிக் வீல் என்கிற பல்சக்கரத்துக்கு இரண்டு பல் மாற்றிப் போட்டால் ஊடை (குறுக்கு நூல்) அடர்த்தி மாறுவதில்லையா, அதே வேலை.

அமாவாசையன்று ஏற்ற நேரத்தை மகனிடம் போனில் கேட்டு முள்ளை வைத்தேன். நான்கைந்து நாளில், முள் காட்டுவதற்கு அரை மணிக்கும் முன்பே தண்ணீர் ஏறிவிட்டது, துறைமுக அட்டவணையும் அப்படித்தான் சொல்கிறது என்றான். திருப்பி அனுப்பலாம் என்று பெட்டியைத் தேடி எடுத்தேன். நல்லவேளை, சோம்பலில் விட்டுவிட்டேன். பௌர்ணமி வாக்கில் முள்ளும் கடலும் மறுபடி ஒத்துப்போயின. இழுப்பது நிலா மட்டுமல்லவே, சூரியனும் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இழுக்கிறது. முள்ளுக்கு நிலா கணக்கு மட்டும்தான் தெரியும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

குறை, பெட்டியில் அச்சடித்திருக்கும் பொய். ‘உலகின் எந்தக் கடற்கரைக்கும்’ என்று போட்டிருக்கிறார்கள். மெக்சிகோ வளைகுடாவில் பல இடங்களில் நாளுக்கு ஒரே ஏற்றம்தான். அங்கே இது சும்மா சுற்றும். தண்ணீர் எவ்வளவு உயரும் என்பதையும் முள் சொல்லாது. தூத்துக்குடியில் ஒரு மீட்டர்கூட ஏறாது, குஜராத்தின் பாவ்நகரிலோ பத்து மீட்டர் அளவுக்கு ஏறும். இரண்டுக்கும் ஒரே முள். கண்ணாடி என்று சொல்லி விற்றது பிளாஸ்டிக்.

மகன் வீட்டுப் பக்கத்தில் வலை பின்னும் பெரியவர் இந்தக் கடிகாரத்தின் படத்தைப் பார்த்துச் சிரித்தாராம். அவருக்குப் பிறையே போதும்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். வாங்குபவர்கள் சாதாரணக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மட்டும் மாட்டாதீர்கள். புதிதாகச் சேர்ந்த தறிக்காரர் ஒருவர் இதைப் பார்த்து, ஷிப்ட் முடிந்ததென்று ஆறு தறிகளையும் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.