'வீ மெல்ட்', 'இஸ் மெல்டட்', 'மெல்ட்ஸ்': செயல்முறை எழுத எது பொருந்தும்?

ஒரு பொருள் ஆலையில் எப்படி உருவாகிறது என்று ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால், முதல் வாக்கியத்திலேயே கை நின்றுவிடும். 'வீ மெல்ட் தி சாண்ட்' என்பதா, 'தி சாண்ட் இஸ் மெல்டட்' என்பதா? கண்ணாடித் தகட்டை வைத்தே பார்ப்போம். மணல், சோடா ஆஷ், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றைச் சுமார் 1500 டிகிரி செல்சியஸில் உருக்கி, அந்தக் குழம்பை உருகிய வெள்ளீயத்தின் மேல் ஓடவிடுகிறார்கள். அது தட்டையாகப் பரவி, ஏறக்குறைய 600 டிகிரிக்கு வந்ததும் தகடாக வெளியேறுகிறது.

இதை 'வீ' போட்டு எழுதினால் படிப்பவர் கண் ஆள்மேல் போகும். அவருக்கு வேண்டியது கண்ணாடியின் கதை. 'இஸ் மெல்டட்' போன்ற செயப்பாட்டுவினையில் கண்ணாடியே கடைசிவரை எழுவாயாக நிற்கும். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் படத்தைப் பார்த்து 150 சொல்லுக்குக் குறையாமல் எழுதச் சொன்னால், என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் இயந்திரத்தின் முன் நிற்பவருக்கான குறிப்பில் இதே வடிவம் ஆபத்து. 'தி வால்வ் இஸ் குளோஸ்ட்' என்றால் வால்வு ஏற்கெனவே மூடியிருக்கிறதா, அவர் மூட வேண்டுமா? அங்கே 'குளோஸ் தி வால்வ்' என்ற கட்டளைதான் சரி. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக உருவான ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்ற எளிய ஆங்கில விதிகளும் கட்டளை வாக்கியத்தையே கேட்கின்றன, அதுவும் 20 சொல்லுக்குள்.

அப்புறம், நாம் அதிகம் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. செயப்பாட்டுவினை பழகியதும் எல்லா வினைக்கும் 'இஸ்' ஒட்டிவிடுகிறோம். தமிழில் உருகுவது வேறு, உருக்குவது வேறு; ஆறுவது வேறு, ஆற்றுவது வேறு. ஆங்கிலத்தில் 'மெல்ட்', 'கூல்' போன்றவை இரண்டு வேலையையும் ஒரே சொல்லாகச் செய்வதால் வேறுபாடு மறைந்துவிடுகிறது. அதனால் முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். குழம்பு வெள்ளீயத்தின் மேல் தானே பரவுகிறது. ஆகவே 'தி கிளாஸ் ஸ்ப்ரெட்ஸ்', 'இஸ்' வேண்டாம். அடுத்த கட்டத்தில் தகடு தானாக ஆறுவதில்லை. வேகமாகக் குளிர்ந்தால் உள்ளே இறுக்கம் தங்கி விரிசல் விடும் என்பதால் நீண்ட சூளைக்குள் மெல்ல ஆற்றுகிறார்கள். அங்கே 'கூல்ஸ்' போட்டால் அந்தக் கட்டுப்பாடே வாக்கியத்திலிருந்து காணாமல் போகும். 'இஸ் கூல்ட் ஸ்லோலி' என்று எழுதுங்கள்.