ஆட்டோகிராஸுக்கும் ஆபீஸுக்கும் ஒரே கார்: எந்த பிரேக் பேட் போடலாம்?

முன்பக்க பிரேக் பேட் (டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) தேய்ந்து புது செட் போட வேண்டிய நேரம் வந்ததும், இந்தத் தடவை மெக்கானிக் கையில் கிடைத்ததைப் போட விடாமல் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். கார் பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். வார நாட்களில் வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூருக்கு ஆபீஸ் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் எங்கேயாவது ஆட்டோகிராஸ் (கூம்புகளைச் சுற்றி நேரம் பார்த்து ஓட்டும் போட்டி) நடந்தால் அதே கார், அதே பேட். உங்களுக்கும் இதே நிலைமை என்றால் மேலே படியுங்கள்.

கண்ணுக்குத் தெரிந்த வழிகள் மூன்று. முதலாவது, கார் வந்தபோது இருந்ததைப் போன்ற சாதாரண பேட். பிரேக் சாமான் விஷயத்தில் சென்னைக்காரர்களுக்கு யோகம்தான்: பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், ரானே எல்லாம் பாடி, அம்பத்தூர் பக்கத்துக் கம்பெனிகள். இரண்டாவது, ரோட்டிலேயே கொஞ்சம் வேகமாக ஓட்டுபவர்களுக்கென்று செய்யும் ஸ்ட்ரீட் பெர்ஃபார்மன்ஸ் பேட். ஈபிசியின் யெல்லோஸ்டஃப், ஹாக் எச்பிஎஸ் மாதிரியானவை. மூன்றாவது, ஹாக் டிடிசி வரிசை மாதிரி ரேஸ் டிராக்குக்கென்றே வரும் பேட். நான் போட்டது இரண்டாவது ரகம், அதுவும் முன்பக்கம் மட்டும். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதப்போகிறேன்.

விலை, தூசி, சத்தம் பற்றி எல்லோரும் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண பேட் மலிவு, சத்தமில்லை, வீல் சுத்தமாக இருக்கும். ஸ்ட்ரீட் பெர்ஃபார்மன்ஸ் செட் அதைவிடப் பல மடங்கு விலை, அலாய் வீல் வாரத்துக்குள் கறுத்துப்போகும். டிராக் பேட் இன்னும் விலை, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கிரீச்சென்று கத்தும். இதெல்லாம் தெரிந்த கதை. முடிவைத் தீர்மானிக்க வேண்டியது வேறு ஒன்று: சூடேறாத பேட் எப்படிப் பிடிக்கிறது என்பது.

போட்டி என்றதும் பிரேக் தீயாகக் கொதிக்கும், அதனால் ரேஸ் பேட் வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சுற்றிச் சுற்றி ஓட்டினால் அது சரி. 3.7 கிலோமீட்டர் சுற்று, நேர்பகுதியில் வேகம் ஏறிக்கொண்டே போய் வளைவுக்கு முன்னால் ஓங்கி மிதிக்க வேண்டும். ஆட்டோகிராஸ் அப்படியா? கூம்புகளுக்கு நடுவே ஒரு நிமிடம், சில சமயம் அதற்கும் கொஞ்சம் கூட. முடித்துவிட்டு அடுத்த முறை வரும் வரை வரிசையில் அரை மணி நேரம் நிற்க வேண்டும். நின்ற இடத்திலேயே டிஸ்க் ஆறிப்போகும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆளோடு சேர்த்து 1000 கிலோ வண்டி 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் சுமார் 140 கிலோஜூல் ஆற்றல் சூடாக மாறுகிறது. முன்பக்கம் 70 சதவீதத்தைத் தாங்குகிறது, ஒரு டிஸ்க் ஐந்து கிலோ எடை என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை நிறுத்தும்போது டிஸ்க்கின் சூடு ஏறத்தாழ 20 டிகிரி கூடும். ஒரு ஓட்டத்தில் ஐந்தாறு தடவை பலமாக மிதித்தாலும், சென்னை வெயிலின் 35 டிகிரியையும் சேர்த்து 150ஐ ஒட்டித்தான் வரும். நடுவில் காற்றில் ஆறுவதைக் கழித்தால் இன்னும் குறைவு. அதே வண்டி டிராக்கில் 140லிருந்து 60க்கு இறங்கினால் ஒரே மிதியில் 600 கிலோஜூலைத் தாண்டிவிடும், அடுத்த வளைவில் மறுபடியும் அதே. ரேஸ் பேடுகளில் பல 200 டிகிரி பக்கம் வந்த பிறகுதான் ஒழுங்காகப் பிடிக்கத் தொடங்கும். ஆட்டோகிராஸில் அந்தச் சூடு வருவதற்குள் ஓட்டமே முடிந்துவிடும். மண் தரையில் நடக்கும் ஆட்டோகிராஸ் என்றால் கேட்கவே வேண்டாம், டயருக்கே பிடிப்பு குறைவு என்பதால் பிரேக்குக்கு வேலையும் குறைவு, சூடும் குறைவு.

இப்போது ஆபீஸ் ஓட்டத்தைப் பாருங்கள். காலையில் தெருமுனையில் போடும் முதல் பிரேக், மழையில் நனைந்த டிஸ்க், ஓஎம்ஆரில் திடீரென்று குறுக்கே வரும் பைக். எல்லாமே ஆறின பேடில் நடக்கிற சமாச்சாரம். ஆக, பிரேக்கைப் பொறுத்தவரை ஆட்டோகிராஸ் டிராக்கைவிட ஆபீஸ் ஓட்டத்துக்குத்தான் நெருங்கின சொந்தம். இரண்டுக்கும் வேண்டியது ஒரே குணம் என்றால் ஒரே பேட் போதும், எந்தப் பக்கமும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இது புரிந்த பிறகு மூன்றாவது ரகத்தைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன்.

ஆறின நிலையில் ரேஸ் பேட் சரியாகப் பிடிக்காது என்பதோடு போகவில்லை, டிஸ்க்கையும் தின்னும். நல்ல பேட் தன் பொருளிலேயே ஒரு மெல்லிய படலத்தை டிஸ்க் மேல் பூசிவிட்டு, அந்தப் படலத்தோடு ஒட்டிப் பிடிக்கும். அதற்கு உரிய சூடு வராதபோது ரேஸ் பேட் வெறும் உப்புத்தாள் மாதிரி டிஸ்க்கைச் சுரண்டிக்கொண்டே இருக்கும், ஏற்கெனவே இருந்த படலமும் போய்விடும். தினமும் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து ஓட்டும் வண்டியில் பேடைவிட டிஸ்க் செலவுதான் முதலில் வந்து நிற்கும். டிஸ்க்கில் குறைந்தபட்ச தடிமனைப் பெரும்பாலும் எண்ணாகவே பொறித்திருப்பார்கள். பேட் மாற்றும்போது மெக்கானிக்கிடம், "அண்ணே, அதை ஒரு தடவை அளந்து பார்த்துடுங்க" என்று சொல்லுங்கள். அந்த அளவுக்குக் கீழே போன டிஸ்க்கை லேத்தில் கொடுத்துப் பயனில்லை.

சரி, முதல் ரகம் போதாதா? உண்மையைச் சொன்னால், நிறையப் பேருக்குப் போதும். நல்ல சாதாரண பேடே ஓங்கி மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸைக் கிளப்பிவிடும். அதற்கு மேல் வண்டி நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர்தான். முதல் முறை ஆட்டோகிராஸுக்கு வருபவர் பேடுக்கு வைத்திருக்கும் காசை டயரில் போடட்டும். நான் இரண்டாவது ரகத்துக்குப் போனதற்குக் காரணம் மிதியின் உணர்வு. வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே திருப்ப வேண்டும், அப்போது முன் டயரின் மேல் பாரம் இருக்கும், பின்பக்கம் லேசாகச் சுற்றிவரும். சாதாரண பேடில் அந்த விடுவிப்பு மொத்தையாக இருந்தது. கால் விரல் அசைவுக்கும் டயரில் நடப்பதற்கும் நடுவே ஒரு தாமதம். புது பேடில் முதல் மிதியிலேயே பிடித்துவிடுகிறது, விட்டால் உடனே விட்டுவிடுகிறது. மேடவாக்கம் பக்கத்து நெரிசலிலும் இந்தத் தெளிவு பிடித்திருக்கிறது, கால் களைப்பு குறைகிறது.

வாங்கும்போது பேடின் ஓரத்தில் இருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பலர் பார்ப்பதேயில்லை. முதலாவது சாதாரண சூட்டில் உராய்வு எண் (பேட் எவ்வளவு பிடிக்கும் என்ற அளவு), இரண்டாவது அதிகச் சூட்டில். ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. ஆனால் முதல் எழுத்துக்கான அளவே 93 டிகிரியில்தான் ஆரம்பிக்கிறது, நமக்கு வேண்டிய ஆறின பிடிப்பை அது சொல்லாது. அதனால் எழுத்தைப் பார்த்து ரொம்ப மட்டமானதை ஒதுக்கலாம், நல்லதைத் தேர்ந்தெடுக்க அதே பேடைப் போட்டிருப்பவரின் வண்டியில் காலையில் முதல் கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். சென்னையின் கார் சாமான் கடைத்தெருவான ஜிபி ரோட்டில் வாங்குவதாக இருந்தால் பழைய பேடைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள், ஒரே மாடலில் பேடைப் பிடித்து அழுத்தும் கேலிப்பர் மாறி வருவதுண்டு.

செராமிக் பேட் பற்றிக் கேட்பார்கள். நண்பரின் காரில் ஓட்டிய அளவில் அமைதியாக, தூசியே இல்லாமல், மிதமாகப் பிடித்தது. பல மாதம் நானே வைத்து ஓட்டாததால் தேய்மானம் பற்றி என் வாக்கை நம்ப வேண்டாம். என் பேடின் ஆயுளும் அப்படித்தான், இன்னும் ஒரு மழைக்காலம் முழுதாகப் பார்க்கவில்லை.

முன்னால் மட்டும் மாற்றினால் பிரேக் சமநிலை முன்பக்கம் சாயும், பின்பக்கம் சுற்றிவருவது கொஞ்சம் குறையும். என் வண்டியில் பின் டிரம்மைத் திறந்து ஷூவை (டிரம்முக்குள் பேடின் வேலையைச் செய்வது) சுத்தம் செய்து ஹேண்ட்பிரேக்கைச் சரியாக இறுக்கியதும் அது பெரும்பாலும் சரியாகிவிட்டது. கூம்பைச் சுற்றித் திரும்ப ஹேண்ட்பிரேக் இழுப்பவர்கள் இதைச் செய்யாமல் முன் பேடில் காசு போடுவதில் அர்த்தமில்லை.

மாட்டிய பிறகு, டிஸ்க்கில் அந்தப் படலம் சீராகப் படிய, புது பேடைப் பதப்படுத்துவது அவசியம். ஆள் நடமாட்டமில்லாத அதிகாலைச் சாலையில் 60லிருந்து 10 வரை மிதமான அழுத்தத்தில் எட்டுப் பத்து தடவை இறக்குங்கள், முழுசாக நிறுத்த வேண்டாம். அப்புறம் பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கின் மேல் பேடை அழுத்திப் பிடித்து நின்றால் அந்த இடத்தில் மட்டும் படலம் தடித்துப்போய், பிறகு மிதிக்கும்போதெல்லாம் பெடல் உதறும். அதே நாளில் பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், நம்மூர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும், பேட் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை.