முழு ரீஸ்டோரா, உடனடி ரீஸ்டோரா, தனிக் கோப்பா?

சர்வர் படுத்ததும் கை நேராக 'ரீஸ்டோர்' பொத்தானுக்குப் போகும். அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: போனது வி.எம்மா (விர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரு சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கணினி), அதற்குள் இருந்த சில கோப்புகள் மட்டுமா? வழியைத் தீர்மானிப்பது அதுதான்.

கோப்புகள் மட்டும் என்றால் முழு வி.எம்மைத் தொடவே வேண்டாம். பேக்கப்பை மவுண்ட் செய்து (ஒரு டிஸ்க் போல இணைத்துத் திறந்து), வேண்டிய ஃபோல்டரை வேறொரு இடத்தில் இறக்கி, ஒப்பிட்டுப் பார்த்த பிறகு உரிய இடத்தில் வையுங்கள். பிரவுசர் வழியாக ஜிப்பாக இறக்கினால் விண்டோஸ் பெர்மிஷன்கள் கோப்புகளோடு சேர்ந்து வராது. எல்லாவற்றையும் மறுபடி அமைக்க வேண்டிவரும். பிட்லாக்கர் (விண்டோஸ்) அல்லது லக்ஸ் (லினக்ஸ்) குறியாக்கம் செய்து பூட்டிய டிஸ்க் என்றால் இந்த வழி பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் தரவுக் கோப்பை மட்டும் தனியாக மாற்றி வைக்கவே கூடாது. லாக் கோப்போடு அது பொருந்தாது, டேட்டாபேஸ் திறக்காது.

அப்படிப் பூட்டிய டிஸ்குக்குப் பலர் மறந்துவிடும் நடுவழி ஒன்று இருக்கிறது: அந்த ஒரு விர்ச்சுவல் டிஸ்கை மட்டும் ரீஸ்டோர் செய்து, இன்னொரு வி.எம்மில் இரண்டாவது டிஸ்காக மாட்டுவது. சாவி கையில் இருந்தால் அங்கே திறந்துகொள்ளலாம். மூல வி.எம்மிலேயே மாட்டினால்தான் சிக்கல். லினக்ஸின் எக்ஸ்.எஃப்.எஸ். ஃபைல் சிஸ்டம், அதே யு.யு.ஐ.டி.யை (அடையாள எண்) இரண்டாம் முறை பார்த்ததும் மவுண்ட் ஆக மறுக்கும், 'நோ யு.யு.ஐ.டி.' ஆப்ஷன் கொடுத்தால்தான் ஏறும். டிஸ்குகளைத் தொகுத்துப் பிரிக்கும் லினக்ஸின் எல்.வி.எம்மில் வால்யூம் குரூப் பெயர்கள் மோதும். விண்டோஸ், சிக்னேச்சர் ஒன்றாக இருப்பதைக் கண்டு டிஸ்கை ஆஃப்லைனில் வைத்துவிடும்.

முழு ரீஸ்டோர் நம்பகமானது, ஆனால் மெதுவானது. 1 ஜிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்குச் சுமார் 110 எம்.பி.தான் வரும், 2 டி.பி. டிஸ்குக்குக் குறைந்தது 5 மணி நேரம். அதைவிடப் பெரிய ஆபத்து, மேலெழுதுவது. வி.எம்களை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருளில், ஏற்கெனவே இருக்கும் வி.எம்மின் மேலேயே ரீஸ்டோர் கொடுத்தால் பழைய டிஸ்க் அழிந்துவிடும். பேக்கப் சரியில்லை என்பது அதற்குப் பிறகு தெரியவந்தால், கையில் இரண்டும் இருக்காது. இடம் இருந்தால் புதிய வி.எம். எண்ணில் இறக்குங்கள், பழையதை அணைத்து வையுங்கள். முதல் பூட்டின்போது நெட்வொர்க் கார்டைத் துண்டித்து வையுங்கள், ஒரே ஐ.பி.யில் இரண்டு இயந்திரங்கள் எழுந்தால் இருக்கும் குழப்பம் இரட்டிப்பாகும்.

உடனடி ரீஸ்டோர் ஐந்தாறு நிமிடங்களில் வி.எம்மை எழுப்பிவிடும், ஆனால் வேலை அத்தோடு முடிவதில்லை. வி.எம்வேர் (இன்னொரு வி.எம். தளம்) சூழலில் வீம் என்ற பேக்கப் மென்பொருள், பேக்கப்பை என்.எஃப்.எஸ். (நெட்வொர்க் வழிப் பகிர்வு) டேட்டாஸ்டோராகக் காட்டி அதிலிருந்தே வி.எம்மை ஓட்டுகிறது, புதிதாக எழுதப்படுபவை தனியே சேர்கின்றன. ப்ரொடக்ஷன் ஸ்டோரேஜுக்கு மைக்ரேட் செய்யாமல் அந்த செஷனை நிறுத்தினால், இடையில் எழுதியதெல்லாம் போய்விடும். ப்ராக்ஸ்மாக்ஸின் லைவ் ரீஸ்டோர் வேறு விதம்: வி.எம். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளாக்குகளைப் பின்னணியில் இழுத்து முடிக்கும், தனி மைக்ரேஷன் தேவையில்லை. ஆனால் பாதியில் அறுந்தால், அதுவரை எழுதிய தரவு பெரும்பாலும் திரும்பாது.

வேகமும் ஏமாற்றும். பேக்கப் ஸ்டோரேஜ் பெரிய தொடர் எழுத்துக்காக அமைக்கப்பட்டது, வி.எம்மோ அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு துண்டுகளைக் கேட்கும். டீடூப் கருவி (ஒரே தரவை ஒருமுறை மட்டும் சேமிப்பது) என்றால் இன்னும் இழுக்கும். வெப் சர்வர், அப்ளிகேஷன் சர்வர் போன்றவற்றுக்கு உடனடி ரீஸ்டோர் தாராளமாகப் போதும். பரபரப்பான டேட்டாபேஸுக்கு, பயனர்கள் பொறுப்பார்கள் என்றால், முழு ரீஸ்டோருக்குக் காத்திருப்பதே என் தேர்வு.

ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கன்ட்ரோலர் (நிறுவனத்தின் பயனர், கணினிக் கணக்குகளைக் காக்கும் விண்டோஸ் சர்வர்) இந்தக் கணக்கில் சேராது. இன்னொரு கன்ட்ரோலர் நலமாக இருந்தால் ரீஸ்டோர் செய்யாமல் புதிதாக ஒன்றை எழுப்பிச் சேர்ப்பதே சுத்தம். சாதாரண விண்டோஸ் சர்வர்களிலும் ஒன்று உண்டு: டொமைனில் கணினிக் கணக்கின் பாஸ்வேர்ட் இயல்பாக 30 நாளுக்கொரு முறை மாறும். பழைய பேக்கப்பிலிருந்து எழுந்த இயந்திரம் 'டிரஸ்ட்' பிழை காட்டி டொமைன் பயனர்களை உள்ளே விடாமல் போகலாம். லோக்கல் அட்மின் பாஸ்வேர்ட் கையில் இருந்தால் உள்ளே போய் செக்யூர் சேனலை (டொமைனோடு உள்ள நம்பகத் தொடர்பை) சரிசெய்துவிடலாம். ஆகவே ரீஸ்டோர் தொடங்கும் முன்பே அந்த பாஸ்வேர்டைத் தேடி எடுத்து வையுங்கள்.