தூக்கத்தில் வரும் வலிப்புக்குப் படுக்கை அலாரம்: எட்டு மாதம் வைத்துப் பார்த்ததில்

வலங்கைமான் பக்கம் எங்கள் வீடு. தம்பிக்கு வயது 24, பத்து வருடமாக வலிப்பு, அதுவும் பெரும்பாலும் தூக்கத்தில். மாடி அறையில் தனியாகப் படுப்பான். வலிப்பு உள்ளவர்கள் தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோகிற ஆபத்து ஒன்று உண்டு, அதற்கு சூடெப் என்று பேர் என்பதே போன வருடம் தஞ்சாவூரில் புது நரம்பு டாக்டரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முன்பு காட்டிய இடத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டதும் பயந்தோம்தான், ஆனால் தெரியாமலே இருந்த பத்து வருடத்தை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

வலிப்பு உள்ள பெரியவர்களில் வருடத்துக்கு 1000 பேரில் ஒருவர் இப்படிப் போகிறார். உடம்பு முழுக்க வெட்டி இழுக்கும் வலிப்பு அடிக்கடி வந்தால், ராத்திரியில் வந்தால், தனியாகப் படுத்தால் ஆபத்து கூடும். வலிப்பு நின்றபின் மூச்சு அடங்கி, அதன்பின் இதயம் நிற்கிறது. பலரும் குப்புறக் கிடந்த நிலையில்தான் காணப்படுகிறார்கள்.

அதனால்தான் இதை ஆன்லைனில் வாங்கினேன். மெத்தைக்கு அடியில் ஒரு தட்டு, அதிலிருந்து ஒயர், ஒரு சின்னப் பெட்டி. உதறல் தொடர்ந்து வந்தால் கீழே அம்மா தலைமாட்டில் மணி அடிக்கும். முதல் இரண்டு வாரம் ஒன்றுக்கும் ஆகவில்லை, ஏனென்றால் தம்பி படுப்பது கோரைப்பாயில், சிமெண்டுத் தரையில் அந்தத் தட்டுக்கு அசைவே போய்ச் சேரவில்லை. இதை அட்டையில் ஒரு வரி போட்டிருக்க வேண்டும். கட்டில் போட்டு இலவம்பஞ்சு மெத்தை விரித்ததும் சரியானது, ஆனால் புரண்டு படுத்தாலே அடித்தது, அப்புறம் 15 விநாடி விடாமல் உதறினால்தான் அடிக்கும்படி மாற்றினோம். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடுகிறது, ஐப்பசி மழையிலேயே பார்த்துவிட்டோம்.

தை மாதம் ஒருநாள் விடியற்காலை மூன்றரைக்கு மணி அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் குப்புறக் கிடக்கிறான், முகம் தலையணையில் புதைந்து, உதடு நீலம் பாய்ந்து. ஒருக்களித்துப் போட்டு எச்சிலை வழியவிட்டோம். பாட்டி சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வந்தார், வேண்டாம் ஆத்தா என்று தடுத்தேன். வாயிலும் எதையும் வைக்கவில்லை. 5 நிமிடம் தாண்டினால் 108 என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டரை நிமிடத்தில் உதறல் நின்று, நீளமாக ஒரு மூச்சு இழுத்தான். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் ஒன்று, இந்தக் கருவி வலிப்பை நிறுத்தாது, உதறல் இல்லாத வலிப்பைப் பிடிக்காது. இது சாவைத் தடுக்கும் என்று நிரூபணமும் ஆகவில்லை. அன்றைக்கு வலிப்பு வந்ததே, அறுப்பு மெஷினுக்காக இரண்டு ராத்திரி வயலில் விழித்திருந்து மாத்திரையை விட்டதால்தான். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக்கூடாது, அதற்கு அடுத்தது பக்கத்தில் ஒரு ஆள், அப்புறம்தான் அலாரம். காசு இல்லாதவர்கள் இதற்காகக் கடன் வாங்க வேண்டாம், ஒரே அறையில் படுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். தம்பி கட்டிலை இப்போது கீழே கூடத்துக்கு இறக்கியாயிற்று, பக்கத்தில் பாய் போட்டு நான் படுக்கிறேன்.