ஐந்தாண்டுப் பழைய கணினியில் 1440பி: ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி

ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி என்ற ஒரே பெயரில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் (கணினித் திரையில் படத்தை வரையும் பாகங்கள்) விற்பனையில் உள்ளன. ஒன்றில் 8 ஜிபி நினைவகம், மற்றொன்றில் 16 ஜிபி. நான் எழுதப்போவது 16 ஜிபி கார்டைப் பற்றி மட்டுமே. 2025 ஜூன் மாதம் ஏஎம்டி நிறுவனம் இவற்றை வெளியிட்டது. அடுத்த மாதமே வேலூரில் ஒரு கடையின் மூலம் வரவழைத்துச் சத்துவாச்சாரியில் உள்ள என் வீட்டில் பயன்படுத்தி வருகிறேன்.

என்னுடைய கணினி 2020இல் சேர்த்தது. ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம், 6 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு. 1080பி மானிட்டரில் இத்தனை ஆண்டுகளும் இது குறையின்றி உழைத்தது. 1440பிக்கு மாற விரும்பியபோதுதான் சிக்கல் தொடங்கியது. 1080பி எனப்படும் 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி எனப்படும் 2560×1440 திரையில் சுமார் 36.9 லட்சம். ஒவ்வொரு ஃப்ரேமிலும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்திலும், ஏறத்தாழ 1.8 மடங்கு புள்ளிகளை வரைய வேண்டியிருக்கிறது. இந்தக் கூடுதல் சுமை பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் மீதுதான் விழுகிறது. பிராசசரின் வேலை அதே அளவில் உயர்வதில்லை. ஆகவே ₹65,000 என்று நான் வகுத்த வரம்பைக் கார்டுக்கும் மானிட்டருக்கும் ஒதுக்கிவிட்டு, பிராசசரைத் தொடாமல் விடுவதென்று முடிவு செய்தேன். ஏஎம்டியின் புதிய பிராசசர்களுக்கான ஏஎம்5 மதர்போர்டுக்கு மாறினால் டிடிஆர்5 ராமும் சேர்த்து வாங்க வேண்டும் என்பதால், நடுத்தரச் செலவில் அந்த வழி எனக்குப் பொருந்தவில்லை.

வேலூர், காட்பாடிக் கடைகளில் மாணவர்களுக்கான லேப்டாப்பே அதிகம் விற்பனையாகிறது. இந்தத் தரத்துக் கார்டைக் கையிருப்பில் வைத்திருக்கும் கடையை நான் காணவில்லை. கேட்டால் சென்னையிலிருந்து வரவழைத்துத் தருகிறார்கள். “எட்டு ஜிபின்னா நாளைக்கே வந்துடும் சார், பதினாறுக்கு ஒரு வாரம் ஆகும்” என்றார் கடைக்காரர். அந்த ஒரு வாரத்தைக் காத்திருக்கத் தயங்க வேண்டாம் என்று வாங்க நினைக்கும் ஒவ்வொருவரிடமும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இன்றைய பெரிய ஆட்டங்கள் 1440பியில் உயர்தர டெக்ஸ்சர்களுடன் (பொருட்களின் மேற்பரப்புப் படங்களுடன்) ஓடும்போது 8 ஜிபி நிரம்பிவிடுவதுண்டு. நிரம்பியபின் மிஞ்சிய தரவு கணினியின் பொது ராமுக்குப் போய், கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாக வந்து போகத் தொடங்குகிறது. நொடிக்கு வரும் சராசரி ஃப்ரேம் எண்ணிக்கை நன்றாகவே தெரிந்தாலும், காட்சி திரும்பும் இடத்திலெல்லாம் படம் திக்கி நிற்பதற்கு இதுவே காரணம். என் மதர்போர்டைப் போன்று மூன்றாம் தலைமுறைப் பாதை மட்டுமே உள்ள பழைய போர்டுகளில் இந்தத் திக்கல் இன்னும் கடுமையாக இருக்கும்.

இந்தக் கார்டைத் தேர்ந்தெடுக்க மற்றொரு காரணமும் அந்தப் பாதைதான். இதற்குப் போட்டியான என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, அந்தப் பாதையின் 8 லேன்களை (தடங்களை) மட்டுமே பயன்படுத்துகிறது. 9060 எக்ஸ்டி 16 லேன்களையும் பயன்படுத்துகிறது. புதிய போர்டுகளில் இந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. பி450 போன்ற போர்டை வைத்திருப்பவர்களுக்கு அது கைகொடுக்கும்.

கார்டைப் பொருத்துவதற்கு முன் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்து, பழைய முறைக்கான சிஎஸ்எம் வசதியை நிறுத்தி, கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் நேரடியாக அணுகவிடும் ரீசைசபிள் பார் என்பதை இயக்கினேன். அப்போதுதான் என் ராம் இத்தனை காலமும் அதற்குரிய 3200 வேகத்தில் ஓடாமல் 2666இலேயே ஓடிக்கொண்டிருந்தது தெரியவந்தது. ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கியதும் அது சரியாயிற்று. செலவே இல்லாத இந்த இரண்டு மாற்றங்களையும் கார்டு வாங்குவதற்கு முன்பே செய்து பார்த்துவிடுவது நல்லது.

சைபர்பங்க் 2077 ஆட்டத்துக்குள் இருக்கும் பெஞ்ச்மார்க்கில் (வேகச் சோதனையில்), 1440பியில் பழைய கார்டு நொடிக்கு 30 ஃப்ரேம்களைத் தொடவே திணறியது. புதிய கார்டு, ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் ரே டிரேசிங் இல்லாமல் உச்ச அமைப்பில், சராசரியாக 70ஐ ஒட்டி நிற்கிறது. ரே டிரேசிங்கை இயக்கினால் அது ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. அந்த ஒளியழகே முதன்மை என்று கருதுபவர்களுக்கு இக்கார்டு நிறைவு தராது. படத்தைச் சிறிய அளவில் வரைந்து பெரிதாக்கும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 நுட்பம் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. குவாலிட்டி அமைப்பில் இது 1707×960 அளவில் வரைந்து 1440பியாக உயர்த்துகிறது. மரக்கிளைகள், கம்பிவலைகள் போன்ற நுண்ணிய உருவங்கள்கூட மங்காமல் வருவதைக் கண்டு உண்மையிலேயே வியந்தேன். ஆனால் எஃப்எஸ்ஆர் 4ஐ ஏற்காத ஆட்டங்கள் பல இருக்கின்றன. வாங்குமுன் நாம் விரும்பி ஆடுபவை அதை ஏற்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

27 அங்குல மானிட்டர் தந்த மகிழ்ச்சி ஆட்டத்தோடு நிற்கவில்லை. 24 அங்குல 1080பி திரையில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளிகள் இருந்தன, இதில் 109. தமிழில் சிறிய எழுத்துருவைப் படிக்கும்போது ணகர, னகரச் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகத் தெரிகின்றன.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கார்டின் மின் தேவை 160 வாட். ஏஎம்டி பரிந்துரைக்கும் பவர் சப்ளை 450 வாட். கேபினெட்டோடு சேர்ந்து வந்த, தரச்சான்று ஏதுமற்ற என் பழைய பவர் சப்ளையை நம்பி ₹40,000க்குச் சற்றே குறைந்த விலையுள்ள பொருளைப் பொருத்த எனக்கு மனம் வரவில்லை. ₹5,500க்கு, மின்சாரத்தைக் குறைவாக வீணாக்குவதற்கான ‘80 பிளஸ்’ சான்றின் வெண்கலத் (ப்ரான்ஸ்) தரத்தில் 650 வாட் ஒன்று வாங்கினேன். அதன்பின் ஒரு மாலை, ஆட்டத்தின் நடுவே மின்சாரம் போனபோது, யுபிஎஸ் இருந்தும் கணினி அணைந்துவிட்டது. 600 விஏ என்று விற்கப்பட்ட அந்த யுபிஎஸ் தாங்குவது 360 வாட் மட்டுமே. என் கணினியும் மானிட்டரும் சேர்ந்து 300 வாட்டை எட்டி, அந்த வரம்பை நெருங்கிவிடுகின்றன. மேலும், சில மலிவான யுபிஎஸ்கள் தரும் சதுர அலை மின்சாரம் இன்றைய பவர் சப்ளைகளோடு ஒத்துப்போவதில்லை. சைன் அலை தரும் 1 கேவிஏ யுபிஎஸ்ஸுக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. நான் வகுத்த வரம்பை இந்தச் செலவு மீறிவிட்டது. பழைய கார்டை விற்ற பணம் அதை ஓரளவு ஈடுகட்டியது.

வெப்பத்தைப் பற்றிய என் கணிப்பு இன்னும் முழுமையடையவில்லை. கத்திரி வெயில் முடிந்த பிறகே கார்டு வந்தது. ஜூலைப் பிற்பகல்களில், ஏசி இல்லாத மாடி அறை 35 டிகிரியில் இருந்தபோது, கார்டு 70 டிகிரியைச் சற்றே தாண்டியது. ஃபேன் சத்தம் தொந்தரவாக இல்லை. முன்பக்கம் கண்ணாடியால் மூடிய கேபினெட்டாக இருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும். என்னுடையதில் வலைமுகப்பும், காற்றை உள்ளிழுக்கும் இரண்டு ஃபேன்களும் உண்டு. வெளியே 40 டிகிரியைத் தாண்டும் சித்திரை, வைகாசியில் அறையின் வெப்பம் ஏறும் அளவுக்குக் கார்டும் ஏறும் என்பதால், அந்த நாட்களில் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் அமைப்பிலேயே ஃப்ரேம் எண்ணிக்கையை 60க்கு வரம்பிட்டு ஆடப்போகிறேன். சோதனையாக ஒரு வாரம் அப்படியே ஆடிப் பார்த்ததில், கார்டின் வெப்பம் 6 டிகிரி குறைந்தது.