கவிழ்த்துப் பார்த்த இரண்டு பழைய ஸ்டொக் கார் மாதிரிகள்

விற்பனைக்கு வந்த கார்களை அடிப்படையாகக் கொண்ட ‘ஸ்டொக் கார்’ எனும் பழைய அமெரிக்கப் பந்தயக் கார்களின் சிற்றுருக்களை மதிப்பிடுவோர் பலர் நிறப்பூச்சையும் கதவிலுள்ள இலக்கத்தையும் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். கிளிநொச்சியில் என் கைக்கு வந்து சேர்ந்த இரண்டு 1:24 அளவு உலோக வார்ப்பு மாதிரிகளை, பீடத்தின் திருகாணிகளைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்த பின்னரே நான் எடைபோட்டேன். மாதிரியைச் செய்தவர் அந்த வண்டியின் காலத்தை உண்மையில் அறிந்திருந்தாரா என்பதை அடிச்சட்டகமும் பெற்றோல் தாங்கியும் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலாவது, 1952ஆம் ஆண்டின் ஹட்சன் ஹோர்னெட். அந்த ஆண்டு நாஸ்கார் எனும் அமெரிக்க ஸ்டொக் கார் பந்தயத் தொடரின் 34 ஓட்டங்களில் 27ஐ வென்றது ஹட்சன். 308 கன அங்குல ஆறு சிலிண்டர் இயந்திரத்துக்கு இருந்த பங்கு அதன் அடிப்பகுதிக்கும் உண்டு: 1948இல் அறிமுகமான அந்த அமைப்பில், வண்டியின் தளம் சட்டங்களுக்கு மேலே அல்லாமல் அவற்றுக்கு இடையே தாழ்வாகப் பதிந்திருந்ததால், பாரம் நிலத்துக்கு அண்மையில் நின்று, வளைவுகளில் வண்டி நிலைகுலையாமல் திரும்பியது. பக்கச் சட்டங்கள் பின்சில்லுகளுக்கு வெளிப்புறமாகச் சுற்றிச் செல்வது இதன் தனித்தன்மை. சிற்றுருவில் இதைத் தவறவிடுவது மிக எளிது. இந்த மாதிரியில் அது சரியாகவே உள்ளது. பின்பெட்டிக்குக் கீழிருக்கும் தாங்கியும் தொழிற்சாலைத் தகரத் தாங்கியாகவே வார்க்கப்பட்டிருக்கிறது. விற்பனைக்கு வந்த வண்டியையே பந்தயத்துக்குக் கொண்டுசென்ற அக்காலத்துக்கு அதுதான் பொருத்தம். புகைக்குழாயைத் தளத்தோடு ஒரே நிறத்தில் விட்டது மட்டுமே குறை.

இரண்டாவது, நாஸ்கார் ஓட்டுநர் ரிச்சர்ட் பெற்றியின் 43ஆம் இலக்க 1970 பிளைமவுத் சூப்பர்பேர்ட். மேற்பகுதி மிக அழகு. நீண்ட மூக்கும் உயர்ந்த பின்சிறகும் துல்லியமாக அமைந்துள்ளன. கவிழ்த்தாலோ, இரண்டு பட்டிகளால் கட்டப்பட்ட, வீதி வண்டிக்குரிய தட்டையான தகரத் தாங்கி தெரிகிறது; பந்தய வண்டியில் இருக்கக்கூடாத ஒலியடக்கிகளும் அப்படியே இருக்கின்றன. இதை நான் சிறு பிழையாகக் கொள்ளமாட்டேன். 1964 மே 24 அன்று அமெரிக்காவின் சார்லட்டில் நடந்த ஓட்டத்தில் ஃபயர்போல் றொபேர்ட்ஸ் என்ற ஓட்டுநரின் வண்டி கவிழ்ந்து எரிந்து, ஜூலை 2 அன்று அவர் உயிரிழந்த பின்னரே, உருக்குப் பெட்டிக்குள் இறப்பர்ப் பையைக் கொண்ட பாதுகாப்பான தாங்கி பந்தய வண்டிகளுக்குள் வேரூன்றியது. 1970இன் வண்டியில் பழைய தாங்கியைப் பொருத்துவது, ஓர் உயிரைக் கொடுத்துப் பெற்ற மாற்றத்தை அழித்துவிடுவதாகும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில், சிறிதளவு பெற்றோலில் இயந்திரத்தை இயக்கிப் பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி வண்டியோட்டிய வன்னியில், தாங்கியையும் அதிலிருந்து செல்லும் குழாயையும் உற்றுப் பார்க்கத் தெரிந்தவர்கள் இன்றும் ஏராளம். அவர்களிடம் தயக்கமின்றிக் காட்டக்கூடியது ஹட்சன்தான்; அதைத் தாராளமாக வாங்கலாம். சூப்பர்பேர்டைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பார்க்க விரும்புவோர் மாத்திரம் வாங்கட்டும். எதை வாங்குவதானாலும், பணம் செலுத்துமுன் அடிப்பகுதியின் படத்தை அனுப்புமாறு விற்பனையாளரைக் கேளுங்கள். பீடத்தில் பூட்டிய நிலையில் எடுத்த படம் போதாது.